ல, ள, ழ

அம்மாவை முழங்கால் வலிக்குப் பிசியோதெரபி பயிற்சிக்காகத் தேனிக்குக் கூட்டிப்போன இடத்தில் அவரைப் பார்த்தேன். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். பக்கவாதத்தில் பேச்சும் கைகால் அசைவும் போய்விட்டன. முறுக்கிய மீசையோடு பெஞ்சில் சுவரோரமாகச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மனைவி எழுத்து அட்டையில் விரலை நகர்த்துவார். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடித் திறக்க வேண்டும். ல, ள, ழ வந்தால் மட்டும் பார்வையைத் திருப்பிக்கொள்வார். அத்தோடு அந்தச் சொல் பாதியில் நின்றுவிடும்.

“அஞ்சாங்கிளாசோட படிப்ப நிறுத்தினவுக, தம்பி. தப்பாச் சொன்னாச் சிரிப்பாகன்னு பயப்படுறாக,” என்றார் மனைவி.

“அண்ணே, எனக்கே அந்த மூணும் இன்னும் குழம்பும். தப்பாவே சொல்லுங்க,” என்றேன்.

என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு அட்டைக்குத் திரும்பினார். ‘தோ’ வந்தது. அடுத்து ‘ல்’.

“தோலா? அரிக்குதா?” என்றார் மனைவி.

தப்பாகிவிட்டது. ஆனால் இந்தமுறை அவர் பார்வையைத் திருப்பவில்லை. விரல் மறுபடி நகர்ந்தது. ‘வ’. பிறகு ‘ழி’.

“தோள் வலியா, அண்ணே?” என்றேன்.

அழுத்தமாகக் கண்ணை மூடித் திறந்தார்.

மனைவியின் விரல் அட்டையிலேயே நின்றுவிட்டது. “இந்தத் தோளப் பிடிச்சுத்தான தெனமும் தூக்குறேன். இத்தன மாசமா வலிச்சுச்சா?”

மறுபடி மூடித் திறந்தார்.

அவர் முறை வந்து உள்ளே கூப்பிட்டார்கள். அவரை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் நின்றோம். அவரோ மனைவியின் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு இன்னும் என்னவெல்லாமோ இருந்தது போல.