கடலூர், கரண்ட் இருக்கு

எங்கள் கம்பெனிக்கு ஆபீஸ் கிடையாது. முதலாளி சென்னையில் அவர் வீட்டில். மற்றவர்கள் அவரவர் வீட்டில். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, எந்த ஃபைல் யாருக்கு என்று பிரித்துக் கொடுத்து, நேரத்துக்குள் முடித்து வாங்குவேன். ஆபரேஷன்ஸ் மேனேஜர் என்று பதவிக்குப் பெயர்.

ஒருமுறை அப்பா குமராட்சியிலிருந்து மினிபஸ் பிடித்து வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் வேலையைப் பற்றி ஊரில் சொல்லிக்கொள்ள அவருக்கு ஏதாவது வேண்டியிருந்தது. உனக்குக் கீழே ஆட்கள் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அவர்களைப் பார்த்திருக்கிறாயா என்றார். ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

"ஆளையே பாக்காம என்னாடா மேஸ்திரி நீ?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பார்க்காமலே நடத்த எங்களிடம் ஒரு வழி இருந்தது. காலையில் எல்லோரும் பொது சாட்டில் ஊர்ப்பெயரையும் கரண்ட் நிலவரத்தையும் போட வேண்டும். 'சிதம்பரம், கரண்ட் இருக்கு.' 'மங்கலம்பேட்டை, மதியம் கட்.' எங்களுக்கு அதுதான் வணக்கம், அதுதான் வருகைப் பதிவு. மின்வெட்டு கடுமையாக இருந்த வருடங்கள் அவை. ஊருக்கு ஊர் கட் நேரம் மாறும். அதனால் இரண்டு ஊர்க்காரர்களை ஜோடி சேர்த்து வைத்திருந்தேன். ஒருவருக்குக் கரண்ட் போனால், அவருடைய பாஸ்வேர்டில் மற்றவர் நுழைந்து பாதியில் நின்ற ஃபைலை முடித்துவிடுவார். விதிப்படி அது கூடாது. நோயாளிகளின் விவரம் என்பதால் அடுத்தவர் கணக்கைத் தொட்டது தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். ஆனால் அப்படிச் செய்யாமல் ஒரு நாள் பிழைப்புகூட ஓடாது. முதலாளியிடம் யாரும் மூச்சு விட்டதில்லை.

கடலூர் முதுநகரைத் தாண்டி ஒரு மீனவக் குப்பத்தில் ஒரு பெண் எங்களுக்கு வேலை செய்தார். எழுத்துப்பிழையே இல்லாமல் அனுப்புகிறவர். அவருக்கு ஜோடி மங்கலம்பேட்டைக்காரர். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

2011 கடைசியில் புயல் அடித்தது. மங்கலம்பேட்டைக்கும் சிதம்பரத்துக்கும் முதலில் கரண்ட் வந்துவிட்டது. குப்பத்தில் கம்பங்கள் விழுந்தது விழுந்தபடி கிடந்தன. ஒரு வாரம் தொடர்ந்து ஆளைக் காணோம் என்றால் கம்பெனியில் கணக்கை மூடிவிடுவார்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் போகிற படகு உடைந்துவிட்டது. அந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் இனி இவருடையதுதான். பாய் என்னிடம் போனில் கேட்டுக்கொண்டு, தன் வேலையை முடித்த கையோடு அவர் கணக்கிலும் உட்கார்ந்தார். தினமும் காலையில் அவர் பெயரில் 'கடலூர், கரண்ட் இருக்கு' என்று போட்டார். கொஞ்ச நாள்தான் சார், லைன் வந்துட்டா அவுங்க பாத்துக்குவாங்க என்றார்.

பொங்கல் போயும் லைன் வரவில்லை. பாய்க்குக் கண் எரிச்சல் ஜாஸ்தியாகி, வேலையில் பிழைகள் வர ஆரம்பித்தன. அப்போதுதான் முதலாளி, பழைய கம்ப்யூட்டர்கள் கொஞ்சம் இருக்கின்றன, புயலில் இழந்தவர்கள் பெயரை அனுப்பு என்றார். கூரை பிய்ந்து கம்ப்யூட்டர் நனைந்துபோனதை அந்தப் பெண் போனில் சொல்லியிருந்தார். யோசிக்காமல் அவர் பெயரை அனுப்பினேன். உடனே முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, கடலூர் அம்மாதான் தினமும் கரண்ட் இருக்குன்னு போடுறாங்களே. வேலையும் வருது. நெஜமா இல்லாதவங்களுக்குக் குடுப்போம்."

உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால், கரண்டே வந்தாலும் அவர் உட்கார ஒரு கம்ப்யூட்டர் இருக்காது. வேலையைக் காப்பாற்றப் போட்ட அந்த ஒரு வரிதான் இப்போது குறுக்கே நின்றது.

மறுநாள் கடலூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. குப்பத்தில் விசாரித்துப் போனபோது, வாசலில் விரித்த வலையின் மேல் கம்ப்யூட்டரின் பாகங்களைக் கழற்றிப் பரப்பி, வெயிலில் காயவைத்திருந்தார். மழையோடு கடல் தண்ணீரும் ஏறியிருந்ததால் தகடெல்லாம் துரு. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார்.

"சாரா? கொரல வச்சு பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன். பொடிப் பையனா இருக்கீங்க."

அவரும் போனில் கேட்ட குரலுக்குப் பொருந்தவில்லை. நினைத்ததைவிட வயது கூடுதல். கடுங்காப்பி கொடுத்தார். பாயின் கண் எரிச்சலையும் சேர்த்து நடந்ததை அப்படியே சொன்னேன். முதலாளியிடம் நான் பேசிப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவர் ஒரு தகட்டைத் திருப்பிப் போட்டார்.

"பேசுனா பாய் பேரு வெளிய வரும்ல?"

வரும் என்றேன்.

"அவுரு ஊட்லயும் புள்ளைங்க இருக்கு சார். எம் பேர எடுத்துருங்க. ஒடம்பு முடியல, நின்னுக்கிறேன்னு போட்டுக்குங்க."

அப்புறம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். செம்மங்குப்பத்தில் ஒரு மருந்து கம்பெனியில் டிரம் கழுவ ஆள் எடுக்கிறார்கள், வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது என்றார். நெடி தாங்காதாம். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று போய்வந்தவர்கள் சொன்னார்களாம். தானே எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "அங்க கரண்ட் கட்டே கெடையாதாம் சார்" என்று சிரித்தார்.

சிதம்பரம் திரும்பிய கையோடு, அவர் சொன்ன காரணத்தையே போட்டு அவர் கணக்கை மூடினேன். பாய்க்குப் போன் செய்து சொன்னேன். சரி சார் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை சாட்டில் ஒவ்வொரு ஊராக வந்தது. 'மங்கலம்பேட்டை, கரண்ட் இருக்கு' என்று பாய் போட்டார். சற்று இடைவெளி விட்டு, பாய் பெயரிலேயே இன்னொரு வரி வந்தது.

'கடலூர், கரண்ட் இல்லை.'

முதலாளி பார்த்துவிட்டார். அந்த அம்மாதான் நின்றுவிட்டார்களே, கடலூரில் நமக்கு இன்னும் ஆள் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இல்லை சார் என்று எழுதி அனுப்பிவிட்டு, அன்றைய ஃபைல்களைப் பிரிக்க உட்கார்ந்தேன்.