வாழை கட்டிய முட்டு

சைட் மேனேஜர் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து அதட்டுகிற உத்தியோகம் என்று விஜயபுரத்தில் இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதிகேசவனைக் கேட்டால் தெரியும். சிமெண்ட் லாரி வராவிட்டாலும் அவர் தலை உருளும், வந்த லாரி சேற்றில் இறங்கினாலும் அவர் தலைதான் உருளும். மேலே இருப்பவர்களிடம் தெலுங்கில் ஏச்சு வாங்கி, அதைப் பீகார் ஆட்களிடம் அரைகுறை இந்தியில் இறக்கிவைத்து, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல முக்கால்வாசி ஆயுளை ஓட்டிவிட்டார். சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரி, திருப்பதியில் பெரிய பெரிய லாட்ஜுகள், கடைசியாக ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. கட்டி முடித்த எந்தக் கட்டிடத்துக்குள்ளும் அவர் திரும்பப் போனதில்லை. வாட்ச்மேன் விடமாட்டான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறாராக இருந்தார். சொந்தக்காரர்கள் யாரையும் சைட்டுக்குக் கூட்டி வரமாட்டார். எத்தனையோ பேர் கேட்டு, எத்தனையோ பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். அவர் அசையவில்லை. அசைந்தது தங்கை காஞ்சனாவுக்காக. அவள் புருஷன் ஏகாம்பரம் ஊர்ப் பக்கத்தில் வீட்டுக் கூரைகளுக்குப் பலகையும் முட்டும் கொடுத்து சென்ட்ரிங் அடிப்பவர். வேர்க்கடலை விளைச்சலும் பொய்த்து, ஊரில் வீடு கட்டுகிறவர்களும் குறைந்துபோனதும் காஞ்சனா நேராக அண்ணனிடம் வந்து நின்றாள்.

“மாசத்துல பாதி நாளு வூட்லயே குந்திக்கினு கீறாருண்ணா. உன்கிட்ட இட்டுக்கினு போ.”

“சைட்டு இன்னா கண்ணாலக் கூடமா, சொந்தக்காரங்கள கூட்டிக்கினு போறதுக்கு? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நாளிக்கி உன் மூஞ்சில எப்டி முழிக்கறது?”

“நீ கீற எடத்துல அவருக்கு இன்னா ஆயிடும்? உன்ன நம்பித்தான் அனுப்பறேன்.”

அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்து, நாராயணவனம் கோயிலில் கல்யாணம் செய்து கொடுத்தவர் ஆதிகேசவன்தான். அவளிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சரி என்று சொல்லித் தொலைத்தார்.

ஏகாம்பரம் நல்ல வேலைக்காரர். கொஞ்சம் பயந்த சுபாவம். நாலு பேர் இருந்தால் “சார்” என்பார், தனியாக இருந்தால் மட்டும் “மச்சான்.” மத்தியானம் இரண்டு பேரும் சிமெண்ட் குடோன் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். சைட் முழுக்கத் தெலுங்கும் இந்தியும் ஒலிக்க, அந்த அரை மணி நேரம்தான் ஆதிகேசவனுக்குத் தமிழ். ஏகாம்பரம் அவர் சொல்லாமல் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க மாட்டார். இப்படி ஒரு ஆள் கூட இருப்பது எவ்வளவு நிம்மதி என்று ஆதிகேசவனே ஒருநாள் காஞ்சனாவுக்குப் போன் செய்து சொன்னார். பாவி மனுஷன், அதையும் சொல்லி வைத்தார்.

கல்லூரியின் முகப்பில் ஒரு போர்ட்டிகோ. கீழே தூணே கிடையாது, சுவரிலிருந்து கூரை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அழகு, கட்டுகிறவனுக்குத் தலைவலி. அந்தமாதிரிக் கூரைக்குக் கம்பி மேல்பக்கம்தான் ஓடும். கான்கிரீட் இறுகியதும் கீழே கொடுத்திருக்கிற முட்டுகளை நுனியில் தொடங்கிச் சுவரை நோக்கிப் பிரித்துக்கொண்டு வரவேண்டும். நுனி முட்டுகளை நிறுத்திவிட்டு உள்பக்கத்தை எடுத்தால் பாரம் கம்பி இல்லாத அடிப்பக்கத்தில் இறங்கும், கூரை நடுவில் மடிந்துவிடும். இது சென்ட்ரிங் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த பால பாடம். ஏகாம்பரத்துக்கும் தெரியும், ஆதிகேசவனுக்கும் தெரியும்.

திறப்பு விழா முகூர்த்தத்தை ஜோசியர் முன்னால் இழுத்துவிட்டார். கான்கிரீட்டுக்கு ஏது ஜோசியம்? அது தன் போக்கில்தான் இறுகும். இன்னும் கொஞ்ச நாள் முட்டு நிற்கட்டும் என்று ஆதிகேசவன் சொல்லிப் பார்த்தார். பெரியவர்களின் கார் பக்கவாட்டில் போர்ட்டிகோவுக்குள் வந்துதான் நிற்க வேண்டும், பிரித்துவிடு என்று கட்டுமானக் கம்பெனி டைரக்டர் சொல்லிவிட்டார். இதற்கிடையில் விழாவுக்கு முதல்நாள் காலையிலேயே கல்லூரி முதலாளியின் மனைவி குடும்பத்தோடு வந்து இறங்கினார். வாசலில் வாழை கட்ட வேண்டும். கட்டுவதற்குத் தூண் இல்லை. வரிசையாக நின்ற நுனி முட்டுகள்தான் கண்ணில் பட்டன. அவற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, குலை தள்ளிய வாழைகளைத் தன் கையாலேயே கட்டி, சூடம் காட்டிவிட்டுப் போனார். சாமிக்கென்று கட்டிய வாழையைப் பூஜை முடியாமல் அவிழ்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

மத்தியானம் ஏகாம்பரம் வாசல் கேட்டுக்கு அவரைத் தேடிக்கொண்டு வந்தார். ஆதிகேசவன் அங்கே ஒரு காதில் போனும், எதிரே பந்தல்காரனுமாக அல்லாடிக்கொண்டிருந்தார்.

“சார், முன்னாடி முட்டுல வாழ கட்டிகிறாங்கோ. இன்னா பண்றது?”

“அத்த நாளிக்கி பூஜ முடிஞ்சி பாத்துக்கலாம் மாப்ள. காரு வர்றதுக்கு உள்ளாற கீறத எடு.”

ஏகாம்பரம் நகராமல் ஒரு நிமிஷம் நின்றார். ஆதிகேசவன் அதற்குள் பந்தல்காரன் பக்கம் திரும்பிவிட்டார். போனில் டைரக்டர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டபோது லாரி டயர் வெடித்தது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். புழுதி அடங்கியபோது போர்ட்டிகோ இரண்டாக மடிந்து கிடந்தது. மற்ற ஆட்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஏகாம்பரம் மட்டும் உள்ளே போயிருக்கிறார். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரேணிகுண்டா தாண்டும்போதே உயிர் இல்லை. ஆதிகேசவன் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “மாப்ள, மாப்ள” என்று வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் டைரக்டர் அவரை ஓரமாக அழைத்துப்போய்த் தோளில் கைபோட்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கை அவர் தோளில் விழுந்தது அன்றுதான். ஏகாம்பரம் யாரையும் கேட்காமல் தானாகவே பிரித்துவிட்டான் என்று சொன்னால் போதும், வேறு எதுவும் பேச வேண்டாம் என்றார். பிறகு எஸ்.ஐ. வந்து, “எவரு தீயமனி செப்பாரு?” என்று கேட்டார், எடுக்கச் சொன்னது யார் என்று.

“எவ்வரூ செப்பலேது சார்,” என்றார் ஆதிகேசவன். யாரும் சொல்லவில்லையாம். அந்தப் பொய் தெலுங்கில் எளிதாக வந்துவிட்டது. தமிழில் கேட்டிருந்தால் வந்திருக்குமோ என்னவோ.

கெட்ட பேச்சுக்குக் கால் முளைக்க நேரமா ஆகும்? விஜயபுரம் டீக்கடையில், வேலை தெரியாதவன் முட்டுகளை மாற்றி எடுத்துத் தானே மாட்டிக்கொண்டான் என்று பேசிக்கொண்டார்கள். ஆதிகேசவன் காதிலும் விழுந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அன்றிலிருந்து அவரால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டு என்ன செய்ய, வாய் திறக்கவில்லையே.

கருமாதி வந்தது. தாலி அறுக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிப் புடவை போட வேண்டும். காஞ்சனாவுக்குப் பிறந்த வீடு என்றால் இந்த ஒரு அண்ணன்தான். புத்தூரில் போய் ஒரு புடவை எடுத்தார். கடைக்காரர், “யாருக்கு சார், வயசென்ன?” என்று கேட்டபோது, கையில் அகப்பட்டதைக் கட்டச் சொல்லிக் காசை நீட்டினார்.

கூடத்தில் பெண்கள் சூழ உட்கார்ந்திருந்தாள் காஞ்சனா. ஏகாம்பரத்தின் பெரியம்மா சந்திரம்மா குரல் கொடுத்தார். “பொறந்த வூட்டுக் கோடி எங்க? வாப்பா ஆதிகேசவா, வந்து போடு.”

புடவையோடு அவர் குனிந்தபோது காஞ்சனா கையை நீட்டித் தடுத்தாள்.

“இரு... இருண்ணா. அவரா போயி எட்த்துக்கினாரு, வேல தெரியாதவருன்னு ஊரே சொல்லிக்கினு கீது. எங்க வூட்ல ஒரு ஆணி அடிக்கறதுன்னாக்கூட என்ன கேட்டுக்கினு அடிக்கிற மன்சன். நீ அங்கதான இருந்த? நீ சொல்லு. இவங்கள்லாம் கேக்கட்டும்.”

அவள் கண்ணில் சந்தேகம் இல்லை. அண்ணன் தன் புருஷன் பெயரைக் காப்பாற்றிக் கொடுப்பான் என்று அப்படியே நம்பிக்கொண்டு பார்த்தாள். அதைத்தான் ஆதிகேசவனால் தாங்க முடியவில்லை.

“கேட்டாரும்மா,” என்றார். “வாழ கட்டிகிறாங்கோ, இன்னா பண்றதுன்னு என்கிட்ட வந்து கேட்டாரு. உள்ளாற கீறத எடுன்னு நான்தான் சொன்னேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல. போலீசுல நான்தான் பொய் சொன்னேன்.”

சந்திரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காஞ்சனா அலறுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்து ஆதிகேசவன் நின்றார். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

காஞ்சனா பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். “கேட்டுக்கினீங்களா? அவருக்கு வேல தெரியும்.”

பிறகு தலையைக் குனிந்தாள். “போடு. வேற யாரு கீறாங்க எனக்குப் போடறதுக்கு.”

புடவையை அவள் தோளில் போட்டார். அவள் அதை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“போட்டாச்சி இல்ல? இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத.”