சிவப்புப் புள்ளிவரை ஒரு நூல்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் பேய்க் கேமராக்காரர் என்று பெயர். இருபத்தாறு வருடமாக எங்கள் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் படம் எடுக்கும் கிறுக்கு எங்கிருந்து பிடித்ததோ தெரியாது. ஒரு நாள் பழைய டிஜிட்டல் கேமராவைச் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டு, அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் சின்னக் கண்ணாடியை உள்ளேயிருந்து கழற்றி எடுத்தார். அதில் ஒரு திருகு இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் கேமராவில் என் கறுப்புக் குடை வெளுத்துப்போய் வந்தது. பச்சை மரங்களெல்லாம் தலையில் மாவு கொட்டியதுபோல் நின்றன. சோறு போடாத வித்தை என்று நானும் வாய் ஓயாமல் சொல்லிக்காட்டுவேன்.

கடைசியில் அந்த வித்தையை நம்பித்தான் என் தங்கையின் வேலை இருந்தது.

அவள் பதினோரு வருடமாக ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸ். நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் போட அன்று மாலை ஆறு மணிதான் கடைசி. வயது வரம்பு கழுத்தைப் பிடித்தது. பிறந்த வருடமும் மாதமும் சரி, தேதி மட்டும் பதினைந்தோ அதற்குப் பிறகோ இருந்தாக வேண்டும். பள்ளிச் சான்றிதழில் தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட தேதியை ஆஸ்பத்திரியில் ஏற்கவில்லை. அப்பா அம்மா உயிரோடு இல்லை. அவள் பிறந்தபோது எனக்கு நான்கு வயது, எனக்கென்ன தேதி தெரியும்? மிச்சம் இருந்தது பிறப்புப் பதிவேடு. அதிலும் எந்தப் புண்ணியவானோ தேதியின்மேல் நீல மையைக் கொட்டி வைத்திருந்தான். முதல் எண் ஒன்று என்று தெரிந்தது. அடுத்த எண் மைக்குள் மூழ்கிக் கிடந்தது.

பதிவேட்டு எழுத்தர் கறார் பேர்வழி. எண் தெரிகிற மாதிரி ஒரு பிரின்ட், அதில் படம் எடுத்தவர் கையெழுத்து, இரண்டும் ஐந்துக்குள் வந்தால் சான்றிதழ் தருகிறேன் என்றார். ஆனால் மூன்றரைக்குப் பதிவேட்டை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாராம். நாங்கள் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதே மணி மூன்று தாண்டிவிட்டது.

அந்த அறையில் இருந்தது எல்இடி விளக்கு. அதில் அகச்சிவப்பு பேருக்குக்கூடக் கிடையாது என்று என் வீட்டுக்காரர் தன் பையிலிருந்து இரண்டு பழைய குண்டு பல்புகளை எடுத்து மாட்டினார். தேதியை எழுதிய கறுப்பு மை கரி கலந்தது, அது கேமராவுக்குத் தெரியும், கொட்டிய நீல மை தெரியாது என்று தங்கைக்குத் தைரியம் சொன்னார். ஸ்டாண்டில் கேமராவைப் பதிவேட்டுப் பக்கத்துக்கு நேர் மேலே கவிழ்த்தார். வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையை எஃப் பதினொன்றில் நிறுத்தி, ஐஎஸ்ஓவை நூறுக்கு இறக்கி, எழுத்தின்மேல் ஃபோகஸ் செய்தார். பிறகு லென்ஸின் முன்னால் கறுப்பு ஃபில்டரைத் திருகினார். அதைப் போட்டுவிட்டால் கண் வைத்துப் பார்க்கும் துளையில் ஒரே இருட்டு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கொஞ்சம் தள்ளித்தான் ஒன்றுகூடுமாம். அதனால் ஃபோகஸ் வளையத்தை, லென்ஸில் இருக்கும் சிவப்புப் புள்ளிவரை ஒரு நூல் அளவு திருப்ப வேண்டும்.

அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். “சீக்கிரம்ங்க, பூட்டிடப் போறாரு.”

அவர் கை வளையத்தை விட்டுவிட்டுப் பொத்தானுக்குப் போனது.

திரையில் நீல மை இருந்த இடமே தெரியவில்லை. 18. தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், அப்புறம் லென்ஸைப் பார்த்தார். காது சரியாகத் தெரியவில்லை என்று, கிளம்பிப்போகிற வாடிக்கையாளரைக் கூப்பிட்டுத் திரும்ப உட்காரவைக்கிற முகம் அது.

“புள்ளிக்குத் திருப்பல. எழுத்து கலங்கியிருக்கு,” என்றார். “இன்னொண்ணு எடுக்கணும்.”

நான் அவர் காதோரம் குனிந்தேன். “விட்டுடுங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வளையத்தைப் புள்ளிக்குத் திருப்பி, கை ஆடாமல் இருக்க டைமர் வைத்தார். இரண்டு விநாடி.

13. வாயைத் திறந்துகொண்டு, சந்தேகத்துக்கே இடமில்லாத மூன்று. கலங்கல் படத்தில் கோடு வீங்கி அந்த வாய் அடைபட்டிருந்தது, அவ்வளவுதான். எழுத்தர் திரைப் பக்கமே வரவில்லை. ஐந்துக்குள் பிரின்ட் வரட்டும் என்று சொல்லிப் பதிவேட்டைப் பூட்டினார்.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் இரண்டு படங்களையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். நான் பிடித்துக்கொண்டேன். வெறும் இரண்டு நாள், இரண்டு நாளுக்காக அவள் தலையில் கல்லைப் போடுவீர்களா, அந்த எழுத்தருக்கு எது தெரியப் போகிறது என்று கத்தினேன். தப்பு என்னுடையது என்று தெரிந்துதான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவரைப் பெரிய பிடிவாதக்காரர் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அன்றைக்கு மவுஸ் முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அலைவதைப் பார்த்தேன். ஒரு தடவை அது முதல் படத்தின்மேல் நின்றேவிட்டது.

தங்கைதான் பேசினாள். “மாமா, முதல் படத்த அழிச்சிடுங்க. அது இருக்கற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். நீங்களும் குடுத்துடுவீங்க.”

அவருக்குக் கை வரவில்லை. மவுஸை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிச்சயமாக அழிக்கலாமா என்று கணினி கேட்டது. விட்டுவிடச் சொன்ன நானேதான் ஆம் என்று அழுத்தினேன்.

மணி நான்கு நாற்பது. மாலை ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று தங்கை எழுந்தாள். தற்காலிகப் பணியாளர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அட்டை நேராக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள்.