வடைக்கடை பாய் திறந்த டப்பா

பத்து நோன்பாக எனக்கு நெஞ்செரிச்சல். சந்தேகம் முழுக்க வீட்டுக்காரி காய்ச்சும் நோன்புக் கஞ்சி மேல்தான்.

"வெந்தயத்தை அள்ளிப் போடுதியோ?" என்று தினமும் சண்டை. நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

இன்று தாராவிப் பட்டறையில் பை தைக்கிற வேலை இழுத்துவிட்டது. வழக்கம்போல முனைக்கடையில் வடை வாங்க நிற்கும்போதே நோன்பு திறக்கிற பாங்கு சொல்லிவிட்டார்கள்.

வடை போடுகிற மேலப்பாளையத்து பாய் எனக்கொரு பேரீச்சம்பழம் நீட்டினார். தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து வந்த டப்பாவைத் திறந்தார்.

கஞ்சி! மேலே வெந்தயம் மிதக்கிறது.

"ஏன் பாய், உங்க வடையை நீங்க திங்கலையா?"

"வெறும் வயித்துல எண்ணெய்ப் பலகாரம் ஆகாது தம்பி. நெஞ்சு எரியும்."

"அப்ப எனக்கு மட்டும் தினமும் ஆறு கட்டித் தாறீங்க?"

"நீங்க கேக்கீய, நான் தாரேன்."

சட்டியை எட்டிப் பார்த்தேன். ரேஷன் பாமாயில் தார் மாதிரி கிடந்தது.

"எண்ணெயை எப்ப மாத்துனீங்க?"

"எதுக்கு மாத்தணும்? குறையக் குறைய ஊத்திக்கிட்டுத்தானே இருக்கேன்."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். கஞ்சியை மூடி வைத்திருந்தாள். திறந்து கிண்டிப் பார்த்தேன், மருந்துக்குக்கூட வெந்தயம் இல்லை.

நாளைக்கு அதைப் போடச் சொல்லி எந்த மூஞ்சியோடு கேட்பது? வீட்டில் பேச்சு நின்றுபோய் மீண்டவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.