மூன்று கட்டு ஹால் டிக்கெட்

எங்கள் தலைமையாசிரியையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எனக்குச் சண்டை வந்துவிடும். அவரோடு அதிகம் சண்டை போட்டவளும் நான்தான் என்பது வேறு விஷயம். மயிலாப்பூரில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் ஆசிரியை, அதோடு வகுப்பாசிரியை. அவர் நெற்றி நிறைய விபூதியோடு கபாலி கோயில் மாடவீதியைச் சுற்றிவிட்டுத்தான் காலையில் பள்ளிக்கு வருவார். பிரதோஷத்தன்று நாலரைக்கு மேல் அவரைப் பிடிக்க முடியாது. நான் சாந்தோமில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். மூக்கு நுனியில் கோபம் உள்ளவள் என்று என் அம்மாவே சொல்வாள்.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பொதுத்தேர்வுக்கான ஹால் டிக்கெட்டை அச்செடுத்து, தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி வைத்ததும், எங்கள் வணிகவியல் ஆசிரியை மொத்தக் கட்டையும் வாங்கிக்கொள்வார். அவருக்கு வீடு நங்கநல்லூரில். கட்டை அங்கே ஆஞ்சநேயர் சன்னதியில் வைத்து, அர்ச்சனை செய்து, மறுநாள் கொண்டுவருவார். பிள்ளைகளின் கைக்கு ஹால் டிக்கெட்டோடு கொஞ்சம் செந்தூரமும் துளசியும் வரும். நல்ல மனசோடு செய்கிற காரியம். பல வருடம் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் வாய் திறந்துகொண்டது. வகுப்பில் எல்லாரும் ஒரே மதமா, எல்லார் ஹால் டிக்கெட்டும் ஒரே கோயிலுக்கு ஏன் போகவேண்டும் என்று ஆசிரியர் அறையில் கேட்டுவிட்டேன். வணிகவியல் ஆசிரியைக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நல்லதுக்குத்தானே செய்கிறேன் என்றார். அவர் வருந்தியதைப் பார்த்ததும் நானே ஒரு வழியும் சொன்னேன். மூன்று கட்டாகப் பிரிப்போம். ஒன்று நங்கநல்லூருக்கு. ஒன்றை நான் எங்கள் சர்ச்சில் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோகிறேன். ஒன்றை வரலாற்று ஆசிரியை தர்காவுக்குக் கொண்டுபோகட்டும். எங்கள் மூன்று பேருக்கும் பரம சந்தோஷம். இதைப் பேப்பரிலேயே போடலாம் என்று ஒருவர் சொன்னார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைமையாசிரியையிடம் தனியாகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வருடாவருடம் அவர் கையிலிருந்தே வாங்கிப்போகிற கட்டுதானே.

வகுப்பில் மேசைமேல் மூன்று இடம் ஒதுக்கி, பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிரித்தேன். பெரும்பாலும் கேட்க வேண்டியிருக்கவில்லை, பெயரைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்றாம் பெஞ்சுப் பெண் ஒருத்தியின் பெயரில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அதிகம் பேசாதவள். ஆய்வகத்தில் அவள் சொல்லும் அளவு ஒருநாளும் பிசகாது. உன்னுடையதை எதில் வைக்கட்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். நாற்பது தலைகள் திரும்பின.

கூச்சப்படுகிறாள் என்று நினைத்து நான் கேலியில் இறங்கினேன். “இதுக்குப் போய் என்ன வெக்கம்? கோயிலா, சர்ச்சா, தர்காவா? ஒண்ணைச் சொல்லு.”

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்தவள்தான் எழுந்தாள். “மிஸ், இவங்க எங்க வீட்லதான் குடியிருக்காங்க. கோயில்தான் மிஸ்.” பிறகு அவளைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லேன்டி என்றாள்.

தலையை ஆட்டினால் முடிந்துவிடும். அவள் ஆட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவ்வளவு வெளிறிய முகத்தை நான் வகுப்பறையில் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தேன்.

தலைமையாசிரியை வாசலில் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. உள்ளே வந்தார். மூன்று கட்டையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். என் கையில் இருந்ததையும் வாங்கி நடுவில் எங்கேயோ செருகினார். பதிவெண் வரிசைப்படி அடுக்கித் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். இனிமேல் இவை என் பீரோவில் இருக்கும், பரீட்சையன்று காலையில் நானே கொடுப்பேன் என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் பெஞ்சுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பாடம் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அடுக்கி எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய் ஒரு பாட்டம் பொரிந்து தீர்த்தேன். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கோயிலுக்கு அனுப்பியபோது சும்மா இருந்தீர்களே, நான் சமமாக நடத்தினால் மட்டும் தப்பா என்று கேட்டேன்.

அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணின் அப்பா இந்து, அம்மா முஸ்லிம். இரண்டு பக்கமும் கைவிட்ட கல்யாணம். சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுத் தந்தார்கள், தலைமையாசிரியையும் அப்படியே வாங்கிக்கொண்டார். ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாதே. மாடவீதிக்குப் பின்னால் நாலைந்து குடித்தனம் உள்ள வீட்டில், இந்துக்கள் என்று சொல்லித்தான் குடிவந்திருக்கிறார்கள். அந்த அம்மா வாசலுக்கு வரும்போது பொட்டு வைத்துக்கொண்டுதான் வருவார். எழுந்து பதில் சொன்னவள் வீட்டுக்காரரின் மகள். பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது விஷயம் தெரிந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டி வரும்.

செய்தது தப்பு என்று புரிந்தது. இருந்தாலும் விடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் மேடம் என்றேன்.

“தெரிஞ்சிருக்க வேண்டியதே இல்ல டீச்சர். கேக்காம இருந்தா போதும்.”

பிறகு அவரே சொன்னார். “இத்தனை வருஷமா கட்டை எடுத்துக் குடுத்தது நான்தான். என் சாமிகிட்டதானே போகுதுன்னு எனக்கு உறுத்தவே இல்ல. முதல் தப்பு என்னோடது.”

என் சர்வீஸில் ஒரு தலைமையாசிரியர் தப்பு என்னோடது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் கீழே வேலை பார்க்கிற என்னிடம். அன்றுதான் நான் அவர் ஆளானேன்.

மறுநாளே சில பெற்றோர் வந்துவிட்டார்கள். வழக்கத்தை நிறுத்தினால் பிள்ளைகளின் மார்க் என்ன ஆவது என்றார்கள். மேலே மனு கொடுப்போம் என்றும் ஒருவர் சொன்னார். தாராளமாகக் கொடுங்கள் என்றார் தலைமையாசிரியை. பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யுங்கள், நானும் கபாலியிடம் வேண்டிக்கொண்டுதான் வருகிறேன், ஆனால் ஹால் டிக்கெட்டைப் பார்த்துத்தான் சுவாமி ஆளை அடையாளம் கண்டுபிடிப்பார் என்றில்லை என்று சொன்னார். விபூதி நெற்றியைப் பார்த்துக்கொண்டே அவர்களால் அதற்குமேல் பேச முடியவில்லை. மனுவும் போகவில்லை.

பரீட்சையன்று எட்டு மணிக்கே கேட்டருகில் நின்று, வரிசைப்படி ஒவ்வொருத்தி கையிலும் அவரே கொடுத்தார். வணிகவியல் ஆசிரியை அன்று லீவு. என்னோடு பேச அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. வீட்டுக்காரர் மகள் என்ன நினைத்தாளோ, வீட்டில் வாய் திறக்கவில்லை. அவர்கள் வீடு தப்பியது.

கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம் அந்தப் பெண் தானாகவே ஆய்வகத்துக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் திக்கித்திணறித்தான் கேட்டேன். கோபமில்லை என்றாள். அன்று வகுப்பில் நான் அதைக் கேட்டதே தப்பு, ஆனால் நீ ஏன் தலையை ஆட்டித் தப்பித்துக்கொள்ளவில்லை என்றேன்.

“ஆட்டியிருக்கலாம் மிஸ். வீடு போயிடுமோன்னு பயமாத்தான் இருந்துது. ஆனா எனக்கு அம்மா இல்லன்னு தலையாட்டின மாதிரி ஆயிடுமே.”

அவள் போனபிறகு நான் அழுதேன். மூன்று கட்டில் ஒன்றைச் சொல்லி, அம்மாவையோ அப்பாவையோ விட்டுவிடு என்று ஒரு பதினேழு வயதுப் பெண்ணிடம் நாற்பது பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். அதுவும் சிரித்துக்கொண்டே.