அந்தப் பக்கத்து நம்பர்

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மேசையில் கிடந்த போன் விடாமல் அதிர்ந்தது. குடும்பக் குரூப், தெருக் குரூப், கூடப் படித்தவர்களின் குரூப், எல்லாவற்றிலும் ஒரே குரல் பதிவு. யாரோ ஒருவர் மூச்சு வாங்கச் சொல்கிறார்: "பாண்டிருப்புப் பக்கம் பிரச்சினையாம். ஆக்கள் பொல்லு தடிகளோட வாறாங்களாம். புள்ளைகள வெளிய உடாதீங்க." என் மகள் அந்நேரம் பக்கத்துத் தமிழ் ஊரான அந்தப் பாண்டிருப்பில்தான் டியூசனில் இருந்தாள். கையில் போனும் இல்லை.

பயம் வந்தால் எனக்கு நைலோன் கயிற்று மணம் வரும். சிரிக்காதீர்கள். கல்முனை பஜாரில் வாப்பாவின் கடை முழுக்கக் கயிறும் வலையும்தான். மேசையில் ஒரு கறுப்பு போன். ஊரார் ஓசியில் பேசிவிடுவார்கள் என்று அதன் டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டு. திறப்பு வாப்பாவின் இடுப்புப் பெல்ட்டில் இருக்கும்.

யுத்த காலம் அது. எங்கிருந்தோ ஒரு கதை வரும், கடைகள் படபடவென்று பூட்டப்படும். வாப்பா ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. திறப்பு லேசில் பூட்டுக்குள் போகாது. ஒருவழியாகத் திறந்து, பாண்டிருப்பில் மருந்துக்கடை வைத்திருந்த நடராசாவுக்கு போன் எடுப்பார். நான் பக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பேன்.

"தம்பி, ஒங்கட பக்கம் என்ன கதை?"

"நீங்க வெட்ட வாறீங்களெண்டு கதை, காக்கா. கடையெல்லாம் பூட்டியாச்சு."

"அல்லாஹ்வே! இஞ்ச நீங்க வாறீங்களெண்டுதானே பூட்டிரிக்கி!"

இருவரும் சிரிப்பார்கள். நடுங்கிக்கொண்டே சிரிப்பார்கள். ஆனால் எப்போதும் அப்படி முடியவில்லை. ஒருநாள் நடராசா சிரிக்கவில்லை. "காக்கா, இண்டைக்கு மெய்தான். மகனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. றோட்டால போகாதீங்க" என்றார். கடற்கரை மணலால் ஓடி வீட்டுக்கு வந்தோம். அந்த ஓட்டம் இன்னும் என் காலில் இருக்கிறது.

வாப்பா காலையில் ஒருதரம் வானொலி கேட்பார், ஒரு பேப்பர் பார்ப்பார். அதற்கு மேல் யாராவது செய்தி கொண்டுவந்தால் "காணும், காணும்" என்பார். மிச்சத்தை நடராசாவிடம் கேட்டுக்கொள்வார். நானோ நேற்று அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்கப் பொல்லுகள்தான் கூடிக்கொண்டு போயின.

மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கும்போதே மகள் ஓட்டோவில் வந்து இறங்கினாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"அங்க பிரச்சினையா மகள்?"

"ஒண்டுமில்ல வாப்பா. நம்மட ஆக்கள் வாறாங்களாமெண்டு டீச்சர்ட போனுக்கு வொய்ஸ் ஒண்டு வந்திச்சி. அவ பயந்து அழுதுட்டா. கிளாஸ நேரத்தோட முடிச்சி, எங்கள ஓட்டோவில ஏத்தித்தான் உட்டா."

வாப்பாவும் நடராசாவும் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து கனகாலம். என் போனில் நம்பருக்குக் குறைவில்லை. மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். எல்லாம் நம்மவர்கள். "ஒங்கட பக்கம் என்ன கதை?" என்று கேட்க ஒரு நம்பர் இல்லை.

மகளிடம் டீச்சரின் நம்பரைக் கேட்டேன்.

"ஏன் வாப்பா, என்னைய டியூசனால நிப்பாட்டப் போறீங்களா?" என்றாள்.

அந்தப் பக்கத்துக்கு போன் எடுப்பது என்றால், இப்போது அவளுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.