படித்துறையில் உருண்ட பாதரசம்

இன்று ஆய்வகத்தில் சோதனைக்கு வந்த உய்யக்கொண்டான் வாய்க்காலின் சேற்றுப் பையைப் பிரித்ததும் வந்தது எங்கள் படித்துறையின் வாடை. அந்தப் படிகள் இப்போது கான்கிரீட் சுவருக்கு அடியில் இருக்கின்றன.

நகைப்பட்டறைத் தெருவின் சாக்கடை மண், ஒரு மரத்தட்டு, பழைய வேட்டித் துணி, தைல பாட்டிலில் பாதரசம், என் சின்ன வயதில் இவைதான் அம்மாவின் தொழில். தட்டை வட்டமாக ஆட்டி மண்ணை வாய்க்காலில் கரைத்துவிட்டு, அடியில் தங்கிய கறுப்புப் பொடியில் பாதரசத்தை ஊற்றி வெறுங்கையால் பிசைவாள், தங்கத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு துணியில் முறுக்கிப் பிழிவாள், வழிகிற துளிகளை நான் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருப்பேன், பாதி படியிடுக்கு வழியாக வாய்க்காலுக்குள் ஓடிவிடும்.

"சிந்தாதடி, அது என்ன தண்ணியா?"

"அதுவா ஓடுதும்மா, நானா சிந்தறேன்?"

இப்போது அம்மாவால் டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க முடியவில்லை. போன மாதம் டாக்டர், முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டபோது, வீட்டு வேலை என்று சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், திருத்தவில்லை.

சேற்றில் பாதரசம் இருந்தது. அளவைக் குறித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு மறுபடி டாக்டர்கிட்ட போறோம்மா. சாக்கடை மண் அரிச்சதைச் சொல்லணும். அந்தப் பாதரசத்தாலகூடக் கை நடுங்கலாம்."



"உங்க ஆபீஸ்காரங்க யாரும் அந்த ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள் அம்மா.